மூன்றாவது சீட், ஜன்னல் ஓரம்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நீ நலமா? நான் நலம். அம்மா நலமில்லை.

சுற்றி வளைக்க எனக்கு வராது. அம்மாவுக்கு கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கிவிட்டது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிகிறதாம். அந்தக் குழாயும் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஆறு மாதம், மிஞ்சிப் போனால் எட்டு என்றார் டாக்டர். போனது திரும்பாது. சொட்டு மருந்தெல்லாம் இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கத்தான்.

உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "ஷூட்டிங்ல கண்ணு கலங்கினா மேக்கப் கரைஞ்சிடும்டா." அதனால் இதை வேலை இடத்தில், லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஒரு லிஃப்ட் அரை அங்குலம் தாழ்வாக நிற்கிறது என்று புகார். அது காத்திருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் நாலாவது படத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். முன்வரிசை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி உன்னைக் குழாய்க்குள் பிடிக்கப் பார்த்தாள். "மஞ்சளா ஏதோ ஓடுது" என்றாள். அப்புறம் விட்டுவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"யாருடா இந்தக் கீச்சுக்குரல்?"

"அக்காதாம்மா."

"போடா. பெத்தவளுக்குத் தெரியாதா? அவ பேசினா எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி இருக்கும்."

முதல் மூன்று படத்திலும் உனக்கு வேறு யாரோதான் பேசினார்கள். அப்போது அம்மாவுக்கு உன் முகம் இருந்தது, குரலைக் கவனிக்கவில்லை. இப்போது முகம் போய்விட்டது. மிச்சம் இருப்பது குரல். அது உன்னுடையது இல்லை. "என் பொண்ணு இதுல எங்கடா இருக்கா?" என்று கேட்டாள். இடைவேளையில் வந்துவிட்டோம்.

போன் செய்து சமாளிக்கப் பார்க்காதே. மருந்துக்கடை போனில் அம்மா பேச மாட்டாள். "கடைக்காரன் காது என் பக்கமே இருக்கும்போது நான் என்னத்தப் பேசுறது?" என்பாள். நீயும் வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த படத்தில் நீயே பேசு. இதற்கு மட்டும் பதில் எழுது.

தம்பி


ஜனவரி 27

அன்புள்ள திருகாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம் என்று எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் பேனாவை வைத்துவிட்டேன். அம்மா, இதை இவன் உனக்குப் படித்துக் காட்டுவான் என்று தெரியும். மேக்கப் கரையவில்லை. அன்றைக்கு எனக்கு ஷூட்டிங் இல்லை.

தம்பி, உனக்கு எல்லாமே ஒரு திருகைத் திருகினால் சரியாகிவிடும் சமாசாரம். இது அப்படி இல்லை. பத்தொன்பது வயதில் துணிக்கடை பில் கவுண்டரில் நின்றவளை, வர வேண்டிய மாடல் வரவில்லை என்று ஒரு போட்டோகிராபர் கூப்பிட்டாரே, அன்றிலிருந்து எட்டு வருஷம் காலண்டர், சோப்பு, குக்கர், ஸ்வெட்டர் விளம்பரங்கள். எட்டு வருஷமும் எனக்குச் சொன்னது நாலே விஷயம்: தாடையைத் தூக்கு, கண்ணைத் திற, சிரி, பேசாதே. சினிமாவுக்கு வந்த முதல் நாள் நான் வசனம் சொன்னதும் விளக்குப் பிடிக்கிறவர் சிரித்துவிட்டார். "முகம் ரோஜா, குரல் லாரி" என்றார் டைரக்டர். அதோடு முடிந்தது.

எனக்குப் பேசுகிறவரைக் 'குரல் அக்கா' என்று சொல்வார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இருட்டு அறையில் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்து என்னைவிட அழகாக அழுவார். ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். "உங்க உதடு ரொம்ப மெதுவா அசையுதும்மா, எனக்கு மூச்சு வாங்குது" என்றார்.

அடுத்த படம் பஸ் கண்டக்டர் வேஷம். நான்தான் கதாநாயகி. கண்டக்டருக்கு இந்தக் குரல் பொருந்தலாம். கேட்கிறேன்.

அம்மா, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். எண்ணெயைக் கீலுக்கு மிச்சம் வை.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் நலத்தைப் பதிலில் எழுது.

நான் எழுதியது வெளிப்பட்டுவிட்டது. "ஒரு விஷயம் உன் வயித்துல ஒரு ராத்திரி தங்காதா?" என்று கேட்டாள். தங்காது என்றேன். ஆனாலும் கீல் ஜோக்குக்கு அரை மணி நேரம் சிரித்தாள்.

'கேட்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். எப்போது? லிஃப்ட் போடும்போது ஆரம்பத்திலேயே சொன்னால் கதவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம். சுவர் எழும்பிய பிறகு சொன்னால் இடிக்க வேண்டும். இப்போதே கேள்.

அம்மா வீட்டுக்குள் அடி எண்ணி நடக்கப் பழகுகிறாள். கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினொன்று. நான் நாற்காலியை நகர்த்திவிட்டேன், முட்டி வீங்கிவிட்டது. இனி இந்த வீட்டில் எதுவும் நகராது.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள திருகாணிக்கும் அம்மாவுக்கும்,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் வலி மட்டும்.

தாமதத்துக்குக் காரணம் பஸ். பத்து நாள் ஒரு நிஜமான கண்டக்டர் அம்மாவோடு முழு ஷிஃப்ட் போனேன். முதல் நாள் மூன்று பேர் மடியில் விழுந்தேன். இப்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்பேன், ஒரு கையால் சீட்டுக் கிழிப்பேன். அந்த அம்மா யாரையும் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. கையைப் பார்த்துத்தான் பேசுகிறார். "எங்க எறங்கணும்? சீக்கிரம் சொல்லு, பின்னால கூட்டம் நிக்குது." ஒரு நாளைக்கு அறுநூறு தடவை. சாயங்காலம் அந்தக் குரலில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

டைரக்டரிடம் கேட்டேன். 'பார்க்கலாம்' என்றார். நல்ல மாதிரிதான் சொன்னார்.

பன்னிரண்டு நாள் எடுத்தாயிற்று. முன்பெல்லாம் மேக்கப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், இப்போது இரண்டாகிறது. எடுத்தவரைக்கும் நேற்றுப் போட்டுப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் வீட்டார் வந்திருந்தார்கள். எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். நாலு நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வீடு மாற்றுகிறேன். புது விலாசம் பின்னால். ஸ்டுடியோவுக்குப் பக்கம்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நலம். நீ?

உன் புது விலாசத்தை வரைபடத்தில் பார்த்தேன். பழைய வீட்டைவிட ஸ்டுடியோவுக்கு ஏழு கிலோமீட்டர் தூரம் அதிகம். பக்கம் என்று எப்படி எழுதினாய்?

இன்னொன்று. இன்றைய பேப்பரில் உன் படத்தைப் பற்றிச் செய்தி. காக்கிச் சட்டையும் தோல் பையுமாக ஒரு பெண் நிற்கிறாள். அது நீ இல்லை. அந்த ஷாம்பூ விளம்பரத்தில் தலையைச் சிலுப்புமே, அந்தச் சின்னப் பெண். 'புதுமுகம்' என்று போட்டிருக்கிறது. படத்தில் இரண்டு கண்டக்டரா? அவள் யார், நீ யார்? நேராகப் பதில் எழுது.

அம்மாவிடம் பேப்பர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் எப்படியும் படிக்கப் போவதில்லை.

தம்பி


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் கேட்டு எழுதி ஐந்து வாரம். நீ நலமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். வேறு வழியில்லை.

அம்மாவுக்கு இப்போது ஜன்னல் மட்டும் தெரிகிறது, வெளிச்சமாக. ஆள் தெரிவதில்லை. உன் மார்ச் கடிதத்தைத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள், நாலு தடவை படித்துவிட்டேன். நேற்று, "எல்லாரும் மரியாதையாப் பேசினாங்கங்கிற இடத்த இன்னொருதரம் படி" என்றாள். படித்தேன். பிறகு, "அவ எழுதலன்னா வேலை இருக்குன்னு அர்த்தம். நீ நச்சரிக்காத" என்றாள்.

நச்சரிக்கிறேன். பதில் போடு.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள அம்மாவுக்கும் தம்பிக்கும்,

இங்கே சுகம். எழுதாமல் இருந்ததற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அம்மா, இந்தப் படத்தில் கண்டக்டருக்கு என் குரல்தான். முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை. டைரக்டரே கூப்பிட்டுச் சொன்னார். பதினோரு நாள் பேசினேன், நேற்று முடிந்தது. இருட்டு அறை. எதிரே சின்னத் திரையில் உதடு அசையும், அதற்குள் வார்த்தையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் மறுபடியும் முதலிலிருந்து. முதல் நாள் ஒரு வசனத்துக்கு முப்பது தடவை ஆயிற்று. குரல் அக்கா கேள்விப்பட்டு வந்து, தன் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். "உதட்டப் பாக்காத, தொண்டையப் பாரு. பேசுறதுக்கு முன்னாடி தொண்டை அசையும்" என்றார். அதன்பிறகு வந்துவிட்டது.

ஆகஸ்டில் வெளியாகிறது. தம்பி, நீயே அம்மாவைக் கூட்டிப் போ. பகல் காட்சிக்குப் போ. நீ மட்டும் போ. வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். அம்மா ரொம்பவே நலம்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து தெருவில் ஒருவரை விடவில்லை. "என் பொண்ணு இந்தத் தடவை சொந்தக் குரல்ல பேசுறா" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று. மாடி வீட்டு ஆன்ட்டி தானும் வருவேன் என்றார். உன் கட்டளைப்படி தட்டிக் கழித்துவிட்டேன். ஏன் வரக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. மார்ச்சில் நான் கேட்ட கேள்விக்கும் நீ பதில் எழுதவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் நன்றாகச் செய்தாய். இதையும் குறித்துக்கொள், அடிக்கடி சொல்ல மாட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

நீ நலமா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

இதையும் மெஷின் ரூமிலிருந்துதான் எழுதுகிறேன். இனி எனக்கு மட்டும் எழுத வேண்டியதை இந்த விலாசத்துக்கு எழுது.

நேற்றுப் போனோம். படம் ஆரம்பித்து நாலாவது நிமிஷம் பஸ் வருகிறது. "ஏறு, ஏறு, உள்ள போ, உள்ள இடம் இருக்கு" என்று உன் குரல். அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது. "அதோ" என்றாள். ஒரு பெரிய தியேட்டரில் கண்ணே தெரியாத ஒருத்தி திரையைக் கையால் காட்டினாள். பின்னால் இருந்தவன் "கைய எறக்குங்க" என்றான்.

நான் திரையைப் பார்த்தேன். ஷாம்பூப் பெண்.

எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. அம்மா விடவில்லை, கேள்வி மேல் கேள்வி.

"என்ன போட்டிருக்கா?"

"காக்கிச் சட்டை. தோள்ல பை."

"முடியக் கட்டியிருக்காளா?"

"கொண்டை."

"மெலிஞ்சிருக்காளாடா?"

திரையில் இருந்தது பத்தொன்பது வயது. கன்னம் பளபளவென்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் வாசலில் பெட்டியோடு நின்ற உன்னை நினைத்துக்கொண்டு சொன்னேன். "ஆமா, கொஞ்சம் மெலிஞ்சிருக்கா. கண்ணுக்குக் கீழ கருப்பு இருக்கு. தாடை மச்சம் அப்படியே இருக்கு." இரண்டரை மணி நேரம் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்குப் பொய் வராது என்று நினைத்திருந்தேன். நன்றாகவே வருகிறது.

இடைவேளைக்கு அப்புறம், மழையில் பஸ் நிற்கிற காட்சி. கண்டக்டர் சீட்டுக் கிழித்துக்கொண்டே வருகிறாள். மூன்றாவது சீட், ஜன்னல் ஓரம், தலையில் துண்டு போட்ட ஒரு பயணி. "எங்க எறங்கணும்? சீக்கிரம் சொல்லு, பின்னால கூட்டம் நிக்குது." அந்தப் பயணி காசை மட்டும் நீட்டுகிறாள். வாயைத் திறக்கவில்லை. ஐந்து விநாடி இருக்கும்.

அம்மா கேட்டாள், "யார்கிட்டடா பேசுறா?"

"ஒரு பயணி."

"அவ ஏன் பதில் சொல்லல?"

"களைப்பா இருக்கா போலம்மா."

தாடை மச்சம் அங்கே இருந்தது, அக்கா.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "மத்த நாலு படத்துல அவ நடிச்சா. இதுலதான் இருக்கா."

நான் விஷயத்தைச் சொல்லவில்லை. நேற்றிலிருந்து வயிற்றில் தங்கியிருக்கிறது. இப்போது எழுது.

தம்பி


செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேள்விக்குப் பதில்: நான் நலமாக இல்லை, மோசமாகவும் இல்லை.

மார்ச்சில் போட்டுப் பார்த்தார்களே, அன்றைக்கே முடிவாகிவிட்டது. 'முகத்தில் களைப்பு தெரிகிறது' என்றார்கள். பதினாலு மணி நேரம் நிற்கிற கண்டக்டருக்குக் களைப்பு தெரியாமல் வேறென்ன தெரியும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. உன்னைப்போல் எனக்கு வாய் கிடையாது. நாலு நாள் ஓய்வு முடிவதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். நல்ல பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், அதுதான் தாங்க முடியவில்லை. விளம்பரக் கம்பெனிகளும் இப்போது கூப்பிடுவதில்லை. அதனால்தான் வீடு மாற்றினேன். அறையில் இன்னொருத்தியோடு இருக்கிறேன்.

பிறகு அவளுக்குக் குரல் தேடினார்கள். நாலு பேர் வந்து பேசினார்கள், குரல் அக்காவும் உண்டு. எல்லாம் தேனாக இருந்தது. டைரக்டர் என் பன்னிரண்டு நாள் ஒலியைத் திரும்பக் கேட்டுவிட்டு, "இதான்யா கண்டக்டர்" என்றாராம். முகத்தில் களைப்பு இருக்கக் கூடாது, குரலில் இருக்க வேண்டும். அதையும் என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

சம்மதிக்கிறேன், ஒரு ஷாட் வேண்டும் என்றேன். வசனம் கேட்கிறேன் என்று நினைத்துப் பயந்தார்கள். வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அம்மாவுக்கு 'படத்தில் இருக்கிறேன்' என்று எழுத எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகு அதைக்கூட எழுத முடியவில்லை. அந்த ஐந்து விநாடியில் சீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, கண்டக்டரின் கேள்வியை நானே கேட்டுப் பேச வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் முப்பது தடவை.

இனி அம்மா முன்னால் எப்படி வந்து நிற்பது? அவள் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். நீ சொன்ன பொய்யை நான் எத்தனை நாள் பேச முடியும்?

சாப்பிடு. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம்.

மாடி வீட்டு ஆன்ட்டி தனியாகப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, நடுக்கூடத்தில் நின்று, "என்னம்மா, உங்க பொண்ணையே காணோமே" என்றார். நான் ஸ்குரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டேன். அம்மா அசரவில்லை. "கண்ணாடிய மாத்துங்க" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இது எனக்குப் புது அனுபவம்.

உன் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அம்மா தடவிப் பார்த்தால் தெரியப் போவது என்ன? மெலிந்த கன்னம், தாடை மச்சம். நான் தியேட்டரில் சொன்னதெல்லாம் அதுதான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னது திரை.

உன் கண்டக்டர் கேட்டாளே, அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கே இறங்க வேண்டும்? சீக்கிரம் எழுது.

தம்பி


அக்டோபர் 2

அன்புள்ள திருகாணிக்கு,

சுகம். இந்த முறை பேனாவை வைக்கவில்லை.

வீட்டில் இறங்க வேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி வண்டி. பத்து நாள் இருப்பேன். பிறகு திரும்ப வேண்டும். ஒரு போலீஸ்காரிக்கும் ஒரு மாமியாருக்கும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். குரல் அக்கா தன் பழைய பிளாஸ்க்கை எனக்குக் கொடுத்துவிட்டார்.

உட்கார இடம் கிடைக்குமா தெரியவில்லை. பரவாயில்லை, பிடிக்காமல் நிற்கத் தெரியும். ஸ்டேஷனில் அந்த நாலு படங்களின் போஸ்டரில் இருந்த முகத்தைத் தேடிக்கொண்டு நிற்காதே. மூன்றாவது சீட்டில் பார்த்தாயே, அவளைத் தேடு. நாற்காலி எதையும் நகர்த்தி வைக்காதே.

நான் வருவதை அம்மாவிடம் சொல்லாதே. இப்போது உன் வயிற்றில் தங்கும் என்று நம்புகிறேன். நீ கதவைத் திறந்து விட்டால் போதும். வாசலில் நின்று நானே பேசுகிறேன்.

அக்கா